இலேசான விளையாட்டா?

ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் பேசியதை எல்லோரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். "சாப்ட்பால், பெண்களுக்கென்று இலேசாக்கிய விளையாட்டு." கோப்பை வாங்க வரிசையில் நின்ற எங்கள் சாப்ட்பால் பிள்ளைகளின் முகத்துக்கு நேராகச் சொன்னார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. இதைப் பற்றி நான் முன்பு எழுதியதற்கு வந்த பதில்களுக்கும் சேர்த்துத்தான் இது.

இலேசா? பேஸ்பால் போன்றது, பந்தைக் கையைக் கீழிருந்து சுழற்றி வீச வேண்டும். 1887இல் சிகாகோவில் ஆண்கள் தொடங்கிய ஆட்டம் இது. பெயரில் மட்டும்தான் சாப்ட். 43 அடி தூரத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்து, கண் இமைப்பதற்குள் வந்துவிடும்.

ஜப்பானின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், யுகிகோ உவெனோவைப் பாருங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக். ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். வழக்கமாக 7 இன்னிங்ஸில் முடிவது. அமெரிக்காவுடன் 9 இன்னிங்ஸ் போராடித் தோல்வி, ஆஸ்திரேலியாவுடன் 12 இன்னிங்ஸ் ஆடி வெற்றி. மறுநாள் அதே அமெரிக்காவை 3-1 என்று வென்று தங்கம். இரண்டு நாளில் 413 பந்துகள், நடுவிரலில் தோல் உரிந்த கையோடு! அடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் சாப்ட்பாலே இல்லை. 13 ஆண்டுகள் காத்திருந்து, 2021இல், உவெனோவின் 39 வயதில், ஜப்பான் அணியினர் மீண்டும் அமெரிக்காவை இறுதியில் 2-0 என்று வென்றார்கள். கடைசி இன்னிங்ஸை வீசி முடித்ததும் உவெனோதான். இதுவா இலேசு?

பள்ளியில் நானும் பிட்சர். கை முழு வட்டம் சுற்றி இடுப்பை உரசி வரும். என் சீருடையில் அந்த இடம் மட்டும் நைந்துபோயிருக்கும். காசிமேட்டில் வலைக்கயிறு இழுத்துக் காய்த்த கை என் அப்பாவுடையது. என் விரலைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் துணி கிழித்துக் கட்டினார். அவருக்குப் புரிந்தது.

"பெரியவர், ஏதோ வாய்தவறிச் சொல்லிவிட்டார்" என்கிறீர்கள். ஆண்பிள்ளைகளின் கால்பந்தைப் பற்றி ஏன் வாய் தவறவில்லை?

"ஜப்பான்காரி நமக்கெதற்கு, வியாசர்பாடி இளவழகியைப் பற்றி எழுது" என்பவர்களுக்கு: கேரம் உலகப் பட்டம் வென்ற இளவழகியைக் கொண்டாடுகிறேன். அதற்காக உவெனோவை மறக்க வேண்டுமா?

"ஒருத்தியையே அத்தனை பந்து வீச வைத்தது கொடுமை" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தம்பி, அந்த வலியைப் பார்க்கத் தெரிந்த உங்களுக்கு எங்கள் பிள்ளையின் வலி தெரியவில்லையே.

காணொளியை இன்னொரு முறை பாருங்கள். அவர் "இலேசு" என்றதும் எங்கள் பிட்சர் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறாள். நடுவிரலில் பிளாஸ்திரி. இடது கையை நீட்டுகிறாள்.

"வலது கையால் வாங்கும்மா" என்று அதையும் திருத்தினார்.