கழிப்பறைக்குப் போக டோக்கன் எதற்கு?

ஆடைத் தொழிற்சாலைகள் சிலவற்றில் தைக்கிற பெண்கள் கழிப்பறைக்குப் போக டோக்கன் அட்டை வாங்க வேண்டும். அதைச் சொன்ன பிறகும் "ஒழுங்கு வேணாமா?" என்று கேட்கிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நாற்பது பெண்கள் தைக்கிற லைனுக்கு ரெண்டே டோக்கன். போனவர் திரும்பினால்தான் அடுத்தவர் எழுந்திருக்கலாம்.

கழிப்பறைக்குப் போகிற நேரம் கம்பெனி தானமாகத் தருவது இல்லை. ஒரு பீஸுக்கு எஸ்எம்வி, அதாவது அதைத் தைக்க ஆகும் நிமிஷக் கணக்கு, போடும்போதே இதுபோன்ற தேவைகளுக்கான அலவன்ஸ் நேரத்தையும் சேர்த்துத்தான் போடுகிறார்கள். ஐஎல்ஓ என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அட்டவணையில் சொந்தத் தேவைக்கு ஆண்களுக்கு 5 சதவீதம், பெண்களுக்கு 7 சதவீதம். களைப்புக்குத் தனியாக 4. எட்டு மணி நேர ஷிப்டில் அந்த 7 மட்டுமே ஏறக்குறைய அரை மணி நேரம். அதற்கு மேல் டார்கெட்டை ஏற்றினால் பறிபோவது அந்த அரை மணி நேரம்தான்.

"பாத்ரூம்ல உக்காந்து போன் பாக்குறாங்க." பல கம்பெனிகளில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்களே! லைன் நிற்பதுதான் கவலை என்றால் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 பீஸ் ஓடும் ஓவர்லாக் தையல் மெஷினில் ஏழு நிமிஷம் எழுந்து போனால் ஏழு பீஸ் தேங்கும். அடுத்த மெஷினுக்கு முன்னால் பத்து பீஸ் பண்டல் ஒன்று எப்போதும் இருந்தால் அங்கே தைக்கிறவர் கை நிற்காது. தேங்கியதை எடுக்க, நாலைந்து ஆபரேஷன் தெரிந்த ஸ்பேர் டைலர் ஒருவர் போதும். அந்த ஒரு சம்பளத்தை மிச்சம் பிடிக்கத்தான் இந்த டோக்கன்.

டோக்கன் வந்ததும் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். நீராவிச் சூட்டில் நிற்கிற அயர்னிங் பெண்களும்கூட. தண்ணீரும் இல்லாமல் சிறுநீரையும் அடக்கினால் கிருமி பெருகும். முதலில் எரிச்சல், பிறகு அடிவயிற்று வலி, கவனிக்காவிட்டால் குளிர்காய்ச்சலோடு சிறுநீரகம் வரை போகும். நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். டோக்கனுக்குக் காத்திருந்தால் எப்படி மாற்றுவது? வலி என்றால் மாத்திரை. தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் பெயரே இல்லாத மாத்திரைகளைக் கொடுத்ததை 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளியே கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் நாம் டோக்கனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

"ஷிப்மெண்ட் தவறினா ஏர்ல அனுப்பணும், நஷ்டம் யாருக்கு?" நஷ்டம்தான், மறுக்கவில்லை. டையிங்கில் துணியின் நிறம் மாறி, பட்டன் வராமல் போன நாட்களையெல்லாம் தைக்கிற பெண்ணின் மூத்திரப்பையா ஈடுகட்ட வேண்டும்?

தொழிலாளி ஆலைக்குள் இருக்கும் நேரமெல்லாம் கழிப்பறை எட்டும்படி இருக்க வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-வது பிரிவில் எழுதிவிட்டார்கள். இங்கே ஆண் சூப்பர்வைசரிடம், லைன் முழுக்கக் காது கொடுத்திருக்க, காரணம் சொல்லி அட்டை வாங்க வேண்டியிருக்கிறது. பத்தொன்பது வயதுப் பெண் அதைச் சொல்லமாட்டார். அடக்கிக்கொண்டு தைப்பார்.

தொழிலாளர் நிலையைச் சோதிக்க ஆலைகளுக்கு ஆடிட்டுக்குப் போகிறவர்களே, கழிப்பறைகளை எண்ணிவிட்டுத் திரும்பாதீர்கள். இந்த வாரம் ஸ்பேர் டைலர் யார், எந்தெந்த மெஷினில் உட்கார்ந்தார் என்று கேளுங்கள். சூப்பர்வைசரிடம் வேண்டாம், தைக்கிறவர்களிடம் கேளுங்கள்.