ஸூமா திருப்பிக் கட்டியது எவ்வளவு?

“எதிர்க்கட்சிகளில் ஒன்றின் தலைவர் மலேமா தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் ‘பணத்தைத் திருப்பிக் கொடு’ என்று முழங்கினார், அப்போதைய அதிபர் ஸூமா தன் வீட்டுக்குப் பாதுகாப்பு என்ற பெயரில் அரசு செலவிட்ட 24.6 கோடி ராண்டையும் கட்டிவிட்டார்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதிதான் உண்மை.

2014 ஆகஸ்ட் முழக்கம் நடந்தது. ஆனால் பணம் கட்ட வைத்தது, எதிர்க்கட்சிகள் தொடுத்த வழக்கில் 2016 மார்ச் 31 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. அதுவும் முழுத் தொகையை அல்ல. மாட்டுத் தொழுவம், கோழிக்கூடு, நீச்சல் குளம் (தீயணைக்கவாம்!) போன்ற, பாதுகாப்புக்குத் தொடர்பில்லாத ஐந்து வேலைகளின் செலவில் ஒரு பங்கை மட்டுமே. நிதித்துறை கணக்கிட்டது சுமார் 78 லட்சம் ராண்ட்.

தீர்ப்பு அந்த நீதிமன்றத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது; படித்துப் பார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.