போன வருஷம் எழுதிக்கொண்டு போனீர்களே, அந்தத் தாள் எங்கே?

அக்கா மகள் அமெரிக்காவில் சூழலியல் படிக்கிறாள். அடுத்த ஜனவரியில் ஒரு செமஸ்டர் தான்சானியாவில் களப்படிப்புக்குப் போக வேண்டும் என்கிறாள். "உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லையா?" என்று அக்காவுக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. நானும் கல்லூரிக் காலத்தில் அதே வடக்குத் தான்சானியாவில் மூன்று மாதம் இருந்தவள் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

கண்டிப்பாகப் போகட்டும் என்றேன். ஆனால் எந்தத் திட்டத்தில் போகிறாள் என்று விசாரித்துவிட்டுப் போகட்டும். அக்காவிடம் போனில் முழுதாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். வேறு பெற்றோருக்கும் உதவலாம்.

எங்கள் முகாம் கராட்டு ஊருக்குப் பக்கத்தில் இருந்தது. செம்மண் மேடு, சுற்றிலும் மக்காச்சோள வயல். அங்கிருந்து தாரங்கிரி தேசியப் பூங்காவுக்குப் போய், ஜீப்பின் கூரையைத் திறந்து நின்றுகொண்டு விலங்குகளை எண்ணுவோம். கோடையில் தாரங்கிரி ஆற்றில்தான் தண்ணீர் இருக்கும், அதனால் சுற்று வட்டாரத்து யானையும் வரிக்குதிரையும் அங்கே வந்து குவிந்துவிடும். மழை விழுந்ததும் வரிக்குதிரையும் வில்டபீஸ்ட் என்கிற காட்டுமானும் பூங்காவை விட்டுக் கிளம்பி சிமஞ்சிரோ சமவெளிக்கும் மன்யாரா பக்கத்துக்கும் போய்விடும். பூங்கா எல்லை அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. அப்படிப் போகிற வழிகளில் ஒன்று குவாகுச்சிஞ்சா. பாடப்புத்தகத்தில் அந்த இடத்தில் ஓர் அம்புக்குறி மட்டும் இருந்தது. நேரில் போனால் அந்த அம்புக்குறியின் மேல் தார்ச்சாலை ஓடுகிறது, வீடு இருக்கிறது, பெட்டிக்கடை இருக்கிறது, ஒருவர் சோளம் விதைத்திருக்கிறார். யானையையும் காப்பாற்ற வேண்டும், அந்தச் சோளத்தையும் காப்பாற்ற வேண்டும் என்பது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று அந்த வயல் வரப்பில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. களப்படிப்பு வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

அதே ஊர்ப்பக்கம்தான் இன்றைக்கும் என்னை உறுத்துகிற ஒன்று நடந்தது. கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போனோம். யானை எத்தனை முறை வந்தது, எத்தனை மூட்டை போச்சு, இப்படி நாற்பது கேள்விகள். ஒரு பாட்டி வேலையைப் போட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் மொழிபெயர்த்த பையனிடம் ஏதோ கேட்டார். அவன் சொல்லத் தயங்கினான், நான் வற்புறுத்தியதும் சொன்னான்: "போன வருஷமும் உங்களைப் போல வந்து இதையே எழுதிக்கொண்டு போனார்களே, அந்தத் தாள் எங்கே என்று கேட்கிறார்."

என்னிடம் பதில் இல்லை. அந்தத் தாள் ஆங்கிலத்தில், கடல் தாண்டி ஏதோ ஒரு கணினியில் இருந்தது. எங்கள் தாளும் அங்கேதான் போனது. அந்தப் பாட்டி முகம் இன்றைக்கும் மறக்கவில்லை.

இன்னொரு வருத்தமும் உண்டு. மோஷி நகருக்கு மேலே கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் ம்வேகா வனவிலங்குக் கல்லூரி இருக்கிறது. 1963-இலிருந்து ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கு வனவிலங்கு அதிகாரிகளைத் தயார் செய்து அனுப்பும் இடம். எங்கள் முகாமிலிருந்து அரை நாள் பயணம்தான். ஆனால் எங்கள் வகுப்பில் தான்சானிய மாணவர் ஒருவர்கூட இல்லை. சமைத்தவர், வண்டி ஓட்டியவர், மொழிபெயர்த்தவர் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள், பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் மட்டும் வெளியூர். அது தப்பு. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

உள்ளூர்க்காரர்களை ஒதுக்குவது எவ்வளவு தப்பு என்று ஆப்பிரிக்கக் களப்பணியின் வரலாற்றைப் பார்த்தாலே புரியும். கென்யாவில் துர்கானா ஏரியின் மேற்குக் கரையில் 1984-இல் கிடைத்த, சுமார் 15 லட்சம் ஆண்டு பழைய ஆதிமனிதச் சிறுவனின் எலும்புக்கூடு உலகப் புகழ் பெற்றது. கூழாங்கற்களுக்கு நடுவே அதன் முதல் துண்டைக் கண்டுபிடித்தவர் கமோயா கிமேயு. பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத கென்யர். தான்சானியாவில் சிம்பன்சிகளை ஆராய்ந்த கோம்பே காடு என்றால் எல்லோருக்கும் ஆய்வாளர் ஜேன் குடால் பெயர்தான் ஞாபகம் வரும். ஆனால் 1974-இல் ஒரு சிம்பன்சிக் கூட்டம் பக்கத்துக் கூட்டத்து ஆணை அடித்து வீழ்த்தியதை நேரில் பார்த்துப் பதிவு செய்தவர் ஹிலாலி மட்டாமா என்ற தான்சானியர். இவர்களைப் போன்றவர்களை 'உதவியாளர்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். என் கணக்கில் அவர்கள் ஆசிரியர்கள்.

வேறு மாதிரியும் நடத்த முடியும். உகாண்டாவின் கிபாலே காட்டில் வெப்பமண்டல உயிரியல் சங்கம் நடத்தும் ஒரு மாத வகுப்புகளில் பாதிப் பேர் ஆப்பிரிக்க மாணவர்கள். ஒரே முகாம், ஒரே ஆய்வு.

ஆகவே அக்காவிடம் சொன்னது இதுதான். ஒரு செமஸ்டருக்கு 20,000 டாலருக்கு மேல் வாங்குகிற திட்டங்கள் பல உண்டு. அவ்வளவு கொடுக்கும்போது தைரியமாகக் கேள். அந்த நாட்டு மாணவர்கள் கூடப் படிக்கிறார்களா? ஆய்வு முடிவை ஊர்க்கூட்டத்தில் அவர்கள் பேசும் சுவாஹிலி மொழியில் சொல்கிறீர்களா? பத்து வாரத்தில் ஏழு பூங்காவுக்கு ஓட்டிக்கொண்டு போகிறீர்களா, ஒரே ஊரில் தங்க விடுகிறீர்களா? 1959-இல் செரெங்கெட்டி பூங்காவிலிருந்து மாடு மேய்க்கும் மாசாய் மக்களைப் பக்கத்து ங்கோரோங்கோரோவுக்கு அனுப்பினார்கள். 2022-இல் அங்கிருந்தும் கிளப்பி, பல நூறு கிலோமீட்டர் தள்ளி ம்சோமேரா கிராமத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அரசு சொல்லும் காரணத்தோடு மாசாய் பெரியவர்கள் சொல்வதையும் பிள்ளைகள் கேட்க ஏற்பாடு உண்டா? சிங்கம் பார்ப்பதற்கு மட்டும் என்றால் சுற்றுலாவே போதும்.

அப்புறம் பிள்ளையிடம் ஒன்று சொன்னேன். இப்போதே சுவாஹிலி ஆரம்பி. அங்கே காலை ஏழு மணிக்கு 'சா மோஜா', அதாவது ஒரு மணி என்பார்கள். நம் நாழிகைக் கணக்கு மாதிரி பொழுது விடிந்ததிலிருந்து எண்ணுவது. தெரியாமல் போனால் முதல் வாரமே வண்டியைத் தவற விடுவாய். பெரியவர்களைப் பார்த்தால் 'ஷிகமூ' சொல்ல வேண்டும், காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன் என்கிற மாதிரி. அதற்கு அவர்கள் 'மரஹாபா' என்பார்கள்.

நேற்று ராத்திரி போன் அடித்தது. எடுத்ததும், ஹலோ இல்லை, சித்தி இல்லை, "ஷிகமூ" என்றாள். "மரஹாபா" என்றேன்.