வன்னிக்கு ரயில் வந்தது 1956இல் அல்ல

"1956இல் யாழ்தேவிக்காகத்தான் வன்னிக்குள் தண்டவாளம் போட்டார்கள், அதுவரை மாட்டுவண்டிதான்" என்று ஒரு செய்தி குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டு நாளில் மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். அது சரியில்லை.

இலங்கையின் வடக்கே வன்னியில் உள்ள வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி வழியாகக் காங்கேசன்துறை வரை போகும் வடக்குப் பாதை 1905 ஆகஸ்டில் முழுமையாகத் திறக்கப்பட்டது. மன்னார்ப் பக்கம் தலைமன்னார் பாதை 1914இல் வந்தது. 1956 ஏப்ரலில் தொடங்கியது யாழ்தேவி என்ற கடுகதி ரயில் மட்டுமே. அது ஓடியது அரை நூற்றாண்டு பழைய பாதையில்.

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்று எனக்கு விளங்குகிறது. 1990இல் போரால் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றுபோனது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்கு, அதாவது பதுங்குகுழிகளுக்கு, மேல் கூரையாகப் போய்விட்டன. மேலே மண்மூட்டை அடுக்கிய அந்தக் கட்டைகளுக்குக் கீழே ஒதுங்கிய பிள்ளைகள் பலர் அதற்குமுன் ரயிலையே கண்டதில்லை. திரும்பவும் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது 2013 செப்டெம்பரில். யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரில். நடுவில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

சந்தேகம் இருந்தால் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய ரயில்வே நிர்வாக அறிக்கைகளைப் பாருங்கள். அதைவிட, வீட்டில் எண்பது வயது தாண்டிய அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால், யாழ்தேவிக்கு முதல் எந்த ரயிலில் போனீர்கள் என்று கேளுங்கள்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால், அதே குழுவில் 1905 என்று திருத்திப் போட்டுவிடுங்கள்.