நட்டஈடு யாருக்குக் கிடைத்தது?

ஆப்பிரிக்கர்களைக் கடல் கடத்தி அமெரிக்கக் கண்டங்களில் விற்ற அட்லாண்டிக் அடிமை வணிகத்துக்கு இழப்பீடு வேண்டும் என்று கரீபிய நாடுகள் கேட்கும்போதெல்லாம், "என்றோ முடிந்துபோன கொடுமைக்கு இன்று யார் யாருக்குப் பணம் கொடுப்பது?" என்று சிலர் கேட்கிறார்கள். தமிழில் நடக்கும் விவாதங்களிலும் இதே கேள்வியைப் பார்க்கிறேன். நட்டஈடு அன்றைக்கே கொடுக்கப்பட்டது என்பதை இவர்கள் அறிய வேண்டும். அதைப் பெற்றவர்கள் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகள்.

1833இல் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றிய பிரிட்டிஷ் நாடாளுமன்றம், 'சொத்தை' இழக்கும் உடைமையாளர்களுக்காக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அது அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு. அதற்காக 1835இல் பெருங்கடன் வாங்கப்பட்டது. பின்னர் வேறு கடன்பத்திரங்களோடு இணைக்கப்பட்ட அந்தக் கடனின் எச்சம் 2015இல்தான் முழுவதுமாக அடைக்கப்பட்டது என்று பிரிட்டிஷ் நிதித்துறையே 2018இல் தெரிவித்தது. அடிமைகளின் வழிவந்து, பிரிட்டனில் குடியேறி, உழைத்து வரி கட்டியவர்களும் தம் முன்னோரின் எசமானர்களுக்காக வாங்கிய கடனை அடைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கையில் நெஞ்சு பொறுக்கவில்லை.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1860கள் வரை ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். உயிரோடு கரையிறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர். 1781இல் லிவர்பூல் வணிகர்களுக்குச் சொந்தமான சோங் என்ற கப்பலில், தண்ணீர் போதாது என்று காரணம் சொல்லி, 130க்கும் மேற்பட்டோரைக் கடலில் வீசினார்கள். 1783இல் அது லண்டன் நீதிமன்றத்துக்குக் கொலை வழக்காக வரவில்லை. தலைக்கு 30 பவுண்டு கேட்ட காப்பீட்டு வழக்காக வந்தது. மனிதரைச் சரக்காக எண்ணிய அதே முறை, ஐம்பது ஆண்டு கழித்து, அடிமைத்தனத்தை ஒழித்த சட்டத்துக்குள்ளும் உயிரோடு இருந்தது.

நட்டஈட்டைக் கணக்கிட, ஏறத்தாழ 8 லட்சம் மனிதர்களை வேலை, வயது, காலனி என்று வகைபிரித்து விலை குறித்தார்கள். தென் அமெரிக்கக் கரையில், வளமான புது மண் கொண்ட கயானாவில் ஓர் ஆளுக்குக் கொடுத்த தொகை, ஜமைக்காவில் கொடுத்ததைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். விடுதலை பெற்றவர்களுக்கோ ஒரு பென்னியும் இல்லை, காணி நிலமும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் 'தொழில் பயிலுவோர்' என்ற பெயரில் 1838 வரை பழைய எசமானரிடமே கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது.

பின்னாளில் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை ஜான் கிளாட்ஸ்டன் 2,508 பேருக்காக 1 லட்சத்து 6 ஆயிரம் பவுண்டுக்கும் மேல் பெற்றார். விடுதலையானவர்களின் இடத்தை நிரப்பக் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைக்க முயன்றவரும் அவரே. 1838இல் முதல் கப்பல்கள் கயானாவைச் சேர்ந்தன. பின்னர் சென்னையிலிருந்து கயானாவுக்கும், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் தமிழர்கள் போனார்கள். இந்த ஒப்பந்தக் கூலிமுறையையும் அடிமைமுறையையும் ஒன்றாக வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. கூலிகள் பட்ட பாடு கொடியது. ஆயினும் அவர்களின் ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவு இருந்தது, அவர்கள் பெற்ற பிள்ளைகள் பிறக்கும்போதே இன்னொருவரின் உடைமை ஆகவில்லை. நம் கரைக்கு இந்த வணிகத்தோடு இன்னும் பழைய தொடர்பும் உண்டு. சோழமண்டலக் கரையில் நெய்து அவுரிச் சாயம் ஏற்றிய நீலத்துணி, ஐரோப்பியக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே மனிதர்களை வாங்கும் விலையாயிற்று. 1833ஆம் ஆண்டுச் சட்டமோ கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளையும் இலங்கையையும் தனக்கு வெளியே நிறுத்திக்கொண்டது.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, பிரான்சின் காலனியாக இருந்த கரீபிய நாடான ஹைதியின் வரலாறு. 1791இல் கிளர்ந்தெழுந்து, நெப்போலியனின் படையையும் தோற்கடித்து, 1804 ஜனவரி 1 அன்று தம் நாட்டைத் தாமே விடுவித்துக்கொண்ட மக்கள் அவர்கள். 1825இல் பிரான்ஸ் மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, முன்னாள் பண்ணை முதலாளிகளின் இழப்புக்காக 15 கோடி பிராங்கு கொடுத்தால்தான் விடுதலையை ஏற்போம் என்றார். முதல் தவணைக்கே பாரிஸ் வங்கிகளிடம் கடன் வாங்க நேர்ந்தது. 1838இல் மொத்தத் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. ஆனாலும் அந்தச் சுமையிலிருந்து கிளைத்த கடன்கள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்நாட்டைத் துரத்தின. ஹைதியின் இன்றைய வறுமைக்கு அதன் சர்வாதிகாரிகளும் காரணம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பள்ளிக்கும் சாலைக்கும் போயிருக்க வேண்டிய காப்பி வரி, தலைமுறை தலைமுறையாகப் பாரிசுக்குப் போனது என்பதைச் சொல்லாமல் அந்த வறுமையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

கரீபிய நாடுகள் 2014இல் முன்வைத்த பத்து அம்சத் திட்டம், முறையான மன்னிப்பையும் பொதுச் சுகாதாரம், எழுத்தறிவு ஆகியவற்றுக்கான உதவியையும் கடன் தள்ளுபடியையும் கேட்கிறது. 180 ஆண்டுகள் கடந்தும் கடன் கொடுத்தவர்களுக்குத் தன் வாக்கைக் காப்பாற்றிய ஓர் அரசு, இவர்களிடம் மட்டும் காலம் கடந்துவிட்டது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஹைதியிடம் வசூலித்த தொகையை ஆராய இரு நாட்டு வரலாற்றாசிரியர்களைக் கொண்ட குழுவைப் பிரான்ஸ் 2025 ஏப்ரலில் அறிவித்தது. அக்குழு நடந்ததை எழுதி வைப்பதோடு நின்றுவிடாமல், பணத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றியும் பரிந்துரைக்க வேண்டும்.