பீலியடியில் நடந்ததைப் பற்றி

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பீலியடியில் (எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் இடத்தில்) நடந்ததை இங்கே மறுபடி விவரிக்கப் போவதில்லை. காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். வைத்தியசாலைப் பிரேத அறையில் வேலை செய்பவரின் மனைவி என்ற ஒரே காரணத்துக்காக, கொவிட் பயத்தில், தண்ணீர் பிடிக்க வந்த அந்த அக்காவின் வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தவர்களை எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று பேசாமல் பார்த்தவர்களையும் தெரியும். கோபம் தணியட்டும் என்று இரண்டு நாள் பொறுத்தேன். தணியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பிரேத அறையில் வேலை செய்பவருக்குத் தொற்று ஆபத்து இருக்கிறது. அது அந்த அறைக்குள் இருக்கிறது, அங்கேயே தடுக்கப்பட வேண்டும். நல்ல முகக்கவசம், கிழியாத கையுறை, காற்றோட்டம், வேலை முடிந்ததும் குளிக்க ஓர் இடம் ஆகியவற்றை அவருக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்காத நாம், அவர் மனைவியின் வாளியைத் தள்ளி வைக்கிறோம்.

அன்று காலை தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் சுற்றியது பழைய செய்தி. பாங்கொக்கில் சட்ட மருத்துவப் பிரிவு ஊழியர் ஒருவருக்கு கொவிட் தொற்றியதாக 2020 ஏப்ரலில் ஒரு மருத்துவ இதழில் வந்த குறிப்பைப் பற்றியது அது. அவருக்குப் பிரேதத்திலிருந்து தொற்றியதா, உயிருள்ள ஒருவரிடமிருந்து தொற்றியதா என்பது அதில் நிறுவப்படவில்லை. அந்த ஊழியரின் குடும்பத்தை ஊரை விட்டு ஒதுக்குங்கள் என்று எந்த வைத்தியரும் எழுதவுமில்லை.

"உலக சுகாதார ஸ்தாபனமே பிரேதத்தால் பரவியதற்குச் சான்றில்லை என்று சொல்லிவிட்டதே, பிறகு முகக்கவசம் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். அப்படிச் சொன்ன, 2020 மார்ச் 24 அன்று வந்த அந்த ஸ்தாபனத்தின் வழிகாட்டலையே தொடர்ந்து வாசியுங்கள். பிரேத பரிசோதனை செய்பவர்கள் என்95 போன்ற கவசம் அணிய வேண்டும், போதிய காற்றோட்டமுள்ள அறையில் செய்ய வேண்டும், உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. மூடிக் கட்டிய உடலைத் தூக்குவது வேறு, நெஞ்சைத் திறந்து நுரையீரலைக் கையில் எடுப்பது வேறு. மின்வாளால் மண்டையோட்டை அறுக்கும்போது எழும் நுண்துகள்களைப் பக்கத்தில் நிற்பவர் சுவாசிக்கத்தான் செய்வார்.

"கொவிட்டால் இறந்தவர்களை அதிகம் அறுப்பதில்லையே" என்பார்கள். சரி. ஆனால் தேயிலை மலையில் குளவி கொட்டி இறந்தவர், வளைவில் லொறி புரண்டு இறந்தவர், லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) தூக்கில் தொங்கியவர் ஆகியோரெல்லாம் சட்ட வைத்திய அதிகாரியிடம்தான் போகிறார்கள். அவர்களுக்குள் தொற்று இருந்ததா என்பது அவர்களின் நெற்றியில் எழுதியிருப்பதில்லை. பிசிஆர் என்ற கொவிட் பரிசோதனையின் முடிவு கைக்கு வரும்வரை அந்த உடலைத் தூக்கியவரும் திருப்பியவரும் கழுவியவரும் பிரேத அறைச் சிற்றூழியர்தான்.

இது கொரோனாவோடு வந்த ஆபத்தும் அல்ல. வியன்னாவில் 1847இல் கொலெட்ச்கா என்ற பேராசிரியர் பிரேத பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு, அந்தக் காயத்தால் தொற்று ஏற்பட்டு இறந்துபோனார். அந்த மரணத்திலிருந்துதான் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் கை கழுவுவதன் தேவையை உணர்ந்தார். இன்று நாமெல்லாம் 20 விநாடி கை கழுவுவதற்குப் பின்னால் பிரேத அறையில் வேலை செய்த ஒருவரின் மரணம் இருக்கிறது.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். என் அப்பாவும் மலைநாட்டு வைத்தியசாலை ஒன்றின் பிரேத அறையில்தான் வேலை செய்தார். கையுறைகளைக் கழுவித் திரும்பப் பயன்படுத்திய காலம் அது. ஒருமுறை மதியச் சாப்பாடு கொடுக்கப் போனபோது பார்த்தேன். கையுறையின் வாயைச் சுழற்றிப் பிடித்து, விரல்கள் உப்பும்படி காற்றடைத்து, ஒவ்வொரு விரலாகக் கன்னத்தருகே வைத்து எங்காவது காற்று கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கசிந்ததை ஒதுக்கி வைத்தார். பிறகு எண்ணிப் பார்த்துவிட்டு, ஒதுக்கியதில் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மாலையில் வீட்டு வாசலிலேயே நின்று, "கிட்ட வராத, குளிச்சிட்டு வாறேன்" என்பார். அம்மா சுடுதண்ணீரில் டெட்டோல் கலந்து கொண்டுபோய் வைப்பார்.

அப்பாவுக்குக் காசநோய் வந்தது. அவர் குடித்ததால்தான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். என் அப்பா குடித்ததில்லை. பிரேத அறையில்தான் தொற்றியது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்நாட்களில் லயத்திலும் காசநோய் இருந்தது. ஆனால் காசநோய்க் கிருமி இறந்தவரின் நுரையீரலிலும் உயிரோடிருக்கும், பிரேத பரிசோதனை செய்பவர்களுக்கு அது தொழில்வழி நோய் என்பதைப் பிற்காலத்தில் வாசித்தபோது நான் அழுதேன். ஆறு மாதம் மாத்திரை விழுங்கிய அந்த மனிதரிடம், நீ வேலை செய்யும் அறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்று வைத்தியசாலையிலும் எவரும் கேட்கவில்லை, தோட்டத்திலும் கேட்கவில்லை.

"எங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருக்கிறார்கள், ஒரே கூரை, ஒரே சுவர்" என்று சொல்பவர்களின் பயத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் இதே வரிசையில் கொழும்பிலிருந்து வந்தவர்கள் கவசமில்லாமல் கரம் பலகையில் விளையாடியபோது அந்தப் பயம் எங்கே போயிருந்தது? பயம் ஏன் எப்போதும் பிணம் தூக்குபவரின் வாசலில் மட்டும் வந்து நிற்கிறது? அதில் நோயைவிடப் பழையதொன்று கலந்திருக்கிறது. அது என்னவென்று நம் எல்லோருக்கும் தெரியும்.

பிரேதத்தின் மீதான இந்தப் பயத்தைச் சொல்லித்தான் இந்த இலங்கை நாட்டில் 2021 பெப்ரவரி வரை முஸ்லிம் சகோதரர்களின் உடல்களையும் கட்டாயமாக எரித்தார்கள். பிறந்து 20 நாளான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். உலகின் பெரும்பாலான நாடுகளில் அடக்கம் செய்யலாம் என்று அனுமதிக்கப்பட்டிருந்தபோது, நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று இங்கே மாதக்கணக்கில் பேசினார்கள். அவ்வளவு பேசியவர்களில் எத்தனை பேர் அந்த உடல்களைத் தூக்கிய ஊழியர்களின் கையுறைகளைப் பற்றிப் பேசினார்கள்?

நேற்றிரவு அப்பாவிடம் காணொளியைக் காட்டினேன். பார்த்து முடித்துவிட்டு, "அந்தப் பொடியனுக்கு ஒழுங்கா கையுறை குடுக்கிறாங்களா?" என்று மட்டும் கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். நாளை காலை ஆறு மணிக்கு என் வாளியோடு நானும் மேல் பீலிக்குப் போகிறேன். அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.