சாம்பலை எங்கே கொட்டுவது?
"மொரீஷியஸின் லா சோமியேரில் குப்பை எரியுலை வந்திருந்தால் குப்பைமேடே தேவைப்பட்டிருக்காது, எதிர்த்தவர்கள் கெடுத்துவிட்டார்கள்" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அது தவறு. எரித்தால் குப்பையின் கன அளவு சுமார் 90 சதவீதம் குறையும், உண்மைதான். ஆனால் எடையில் ஏறக்குறைய கால்பங்கு உலையின் அடியில் சாம்பலாகத் தங்கிவிடும். புகைவடிகட்டியில் சேரும் சாம்பலோ ஈயம், காட்மியம், டையாக்சின் போன்ற நச்சுகள் கலந்தது. அதைத் தனியே பாதுகாப்பாகப் புதைக்க வேண்டும். எந்த ஊரில், அண்ணா?

மேலும், மொரீஷியஸ் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறை, தோட்டக் கழிவுதான். விருந்து முடிந்து எறியும் ஈர வாழையிலையை உலையில் போட்டால், அதன் நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகும். உரக்குழிக்குப் போக வேண்டியது அது. 1997 முதல் நாட்டுக் குப்பையைத் தாங்கிவரும் மார் சிக்கோஸ் குப்பைமேட்டின் பாரம், முதலில் அப்படித்தான் குறையும்.